தொட்ட கை

மாலை போட்ட முப்பதாம் நாள் வேடியப்பனின் கால்கள் இரண்டும் பார்க்கச் சகிக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே தோல் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து செதிலாக உதிர்ந்தது. சொறிந்த இடமெல்லாம் கோடு கோடாகச் சிவந்து கிடந்தது. குதிகால் வெடித்து, நடந்த இடத்தில் ரத்தம் ஒட்டியது.

மலைமேல் இருக்கும் கரியாலூரின் மார்கழிக் குளிர் யாரையும் சும்மா விடாது. அதிலும் வேடியப்பனுக்கு ஊராட்சித் தண்ணீர்த் தொட்டி வேலை. விடியுமுன் போய் மோட்டார் போட வேண்டும், வால்வு திறக்க வேண்டும். ஊருக்கெல்லாம் தண்ணீர் விட்டபிறகு அந்தத் தொட்டிக் குழாயடியிலேயே அவனுக்குக் குளியல். சாயங்காலம் இன்னொன்று. வெந்நீர் கூடாது, செருப்பு கூடாது, உடம்பில் எண்ணெய் கூடவே கூடாது. எல்லாம் குருசாமி சின்னதுரை போட்ட சட்டம். பதினெட்டு வருஷம் சபரிமலை போய் வந்தவர் அவர். அவர் பேச்சில் பாதி சட்டம், மீதி அதட்டல். சோப்பைப் பற்றி மட்டும் ஏனோ வாய் திறக்க மறந்துவிட்டார். அதனால் வேடியப்பன் இரண்டு வேளையும் வேப்ப சோப்பைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தான். அரிப்பு போகட்டும் என்று தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க இன்னும் அரித்தது.

டீக்கடையில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். குப்பைமேனி அரைத்துப் பூசச் சொன்னார் ஒருவர். கள்ளக்குறிச்சி மருந்துக் கடையில் ஒரு டியூப் கேட்டு வாங்கச் சொன்னார் இன்னொருவர். சின்னதுரை மட்டும் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, "விரதத்துல எங்கியோ குத்தம் இருக்குது சாமி" என்றார். சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு டீயைக் குடித்துக்கொண்டு போய்விட்டார். அந்த ஒரு வார்த்தை வேடியப்பன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த விரதம் வயிற்றில் இருந்த பிள்ளைக்காக. அவன் மனைவி மலர்விழிக்கு எட்டாம் மாசம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே மார்கழியில், இதே எட்டாம் மாசத்தில், அவள் வயிற்றுப் பிள்ளை திடீரென்று அசையாமல் போனது. ஆண் பிள்ளை. துண்டில் சுற்றிக் கையில் கொடுத்தபோது அதன் விரல் நகம்கூட வளர்ந்திருந்தது. ஏன் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. இந்தத் தடவை வயிற்றில் தங்கியதும், பிள்ளையைக் காப்பாற்றிக் கொடு, சபரிமலை ஏறி வருகிறேன் என்று வேடியப்பன் வேண்டிக்கொண்டான். மாசமாக இருக்கிறவளின் புருஷன் மாலை போடலாமா என்று ஊரில் நாலு பேர் இழுத்தார்கள். பேறுகாலம் மாசியில்தானே, பொங்கலுக்குள் திரும்பிவிடலாம் என்று சின்னதுரைதான் போட்டுவிட்டார்.

மலர்விழி ரிஷிவந்தியம் பக்கத்துப் பெண். மரவள்ளி பிடுங்க அப்பா அம்மாவோடு மலைக்கு வந்தவள், வேடியப்பனைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். கீழே, அவள் பிறந்த வீட்டில், பனிக்காலம் வந்தால் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை வெயிலில் வைத்து உருக்கி, குளித்த ஈரத்தோடு எல்லோருக்கும் தேய்த்து விடுவார்கள். அதோடு சரி, அரிப்பு என்ற பேச்சே இருக்காது. இதைச் சொல்லித்தான் புருஷனிடம் கெஞ்சினாள்.

"சாமி, ஒரே ஒரு சொட்டு. காலுக்கு மட்டும்."

"புள்ள வேணுமா உனுக்கு, காலு வேணுமா?" என்றான் வேடியப்பன்.

அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. பயந்தவன் பேச்சு அப்படித்தான் இருக்கும். ஆனால் அவளுக்குச் சுருக்கென்றது. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம். காலை வேலை முடித்து வந்தவன் பின்வாசலில் வெயில் படுகிற இடமாகப் பார்த்துத் துண்டை விரித்துப் படுத்துத் தூங்கிப் போனான். தூக்கத்திலும் ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். பொரிந்த தோல் உரசும் சத்தம் அடுப்படிக்குக் கேட்டது. கேட்கக் கேட்க மலர்விழிக்குப் பொறுக்கவில்லை. மாமியார் இருசம்மாள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மலர்விழி எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தாள். குளிரில் வெண்ணெயாக உறைந்திருந்ததைக் குச்சியால் குத்தி எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கு நடுவிலும் வைத்து உருக்கினாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, முழங்கால் முதல் பாதம் வரை தடவினாள். எண்ணெய் பட்ட இடமெல்லாம் தோல் கறுத்து அடங்கியது. அவன் விழிக்கவில்லை. காலைத் தேய்ப்பதை மட்டும் நிறுத்திவிட்டு ஒரு பெருமூச்சு விட்டான். ஒரு மாசமாகத் தொடாத உடம்பு. மலர்விழிக்குச் சந்தோஷமாக இருந்தது. பழைய துணியால் துடைத்துத் தடம் தெரியாமல் செய்துவிட்டு எழுந்தாள்.

மூன்றாம் நாள் அவள் உள்ளங்கை அரித்தது.

முதலில் வெங்காயம் உரித்ததால் இருக்கும் என்று நினைத்தாள். பிறகு பாதமும் சேர்ந்துகொண்டது. தடிப்பு இல்லை, பொரி இல்லை, பூச்சி கடித்த அடையாளம்கூட இல்லை. உள்ளே இருந்து அரித்தது. படுத்தால் இன்னும் அதிகம். அம்மிக்கல்லில் உள்ளங்கையைத் தேய்த்தாள். தேங்காய் நார் எடுத்துத் தேய்த்தாள். தோல் வழன்று எரிந்ததே ஒழிய அரிப்பு அடங்கவில்லை.

இருசம்மாள் பார்த்துவிட்டு, "உள்ளங்கை அரிச்சா காசு வரும்டி. வர்ற புள்ள எடுத்துக்கினு வருது" என்று சிரித்தாள்.

மலர்விழிக்குச் சிரிப்பு வரவில்லை. மற்ற இடத்தையெல்லாம் விட்டுவிட்டு முதலில் கையில் ஏன் அரிக்க வேண்டும்? விரதம் இருக்கிற உடம்பைத் தொட்டது இந்தக் கை. கூடாது என்ற எண்ணெயை உருக்கியது இந்த உள்ளங்கை. சாமிக்கு விலாசம் தப்பவில்லை என்று முடிவு செய்துவிட்டாள். வெளியே சொன்னால் விரதம் கெட்டது என்று ஆகும். விரதம் கெட்டால் பிள்ளை? அதற்கு மேல் நினைக்கப் பயந்து வாயை மூடிக்கொண்டாள். தண்டனை கையோடு போகட்டும், வயிற்றுக்குப் போக வேண்டாம் என்று சாமியிடம் பேரம் பேசினாள்.

அவளைப் பிடித்து உலுக்கலாம் போலத்தான் இருக்கிறது. ஆனால் துண்டில் சுற்றிய பிள்ளையைக் கையில் வாங்கியவள் அவள், நாமல்ல.

புதன்கிழமை நர்ஸ் ஜூலியா வீட்டுக்கு வந்தாள். திருக்கோவிலூர்க்காரி, மலையில் ஐந்து வருஷமாக வேலை பார்க்கிறாள். வந்தவள் கண்ணில் முதலில் பட்டது வேடியப்பனின் கால்தான்.

"இன்னா சாமி, கால இப்பிடி வெச்சிக்கினு இருக்கீங்க? இது சொறியும் இல்ல, சாபமும் இல்ல. பனிக்குத் தோலு காஞ்சி போச்சி. பச்சத் தண்ணியில ரெண்டு வேள குளிச்சி, அதுல சோப்பு வேற. இருக்கிற எண்ணெப் பசையெல்லாம் போயிடும்ல? வெதுவெதுன்னு தண்ணி ஊத்துங்க. சோப்பக் கம்மி பண்ணுங்க. தொடச்ச ஈரத்தோட எண்ணெ தடவுங்க."

"மலைக்குப் போய்ட்டு வந்து தடவுறேன் சிஸ்டர்."

"அதுவரைக்கும் தோலு இருக்கணுமே" என்று தலையில் அடித்துக்கொண்டு மலர்விழி பக்கம் திரும்பினாள். பிரஷர் பார்த்தாள். கால் வீக்கம் பார்த்தாள். "தலவலி, கண்ணு மங்கல் ஏதாவது? கொழந்த நல்லா அசையுதா?"

"அசையுதுங்க."

"கைய லூசா வுடும்மா. ஏன் இப்பிடி இறுக்கி மூடிக்கினு இருக்கே?"

மலர்விழி விரல்களைக் கொஞ்சம் தளர்த்தினாள். உள்ளங்கையை மட்டும் திருப்பவே இல்லை. வேறு எதுவானாலும் போன் பண்ணு என்று சொல்லிவிட்டு ஜூலியா அடுத்த வீட்டுக்குப் போனாள். அவள் வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டும்வரை மலர்விழி மூடிய கையோடு நின்றாள்.

சனிக்கிழமை காலை மாரியம்மன் கோயிலில் இருமுடி கட்டு. பன்னிரண்டு சாமிகள். கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த வேன் வாசலில் நின்றது. ஒவ்வொரு சாமியும் பையோடு உட்கார, வீட்டு ஆட்கள் வந்து மூன்று கை அரிசி அள்ளிப் போட வேண்டும். வேடியப்பன் முறை வந்தது. இருசம்மாள் போட்டாள். "மலரு, வாம்மா" என்று கூப்பிட்டாள்.

மலர்விழி வந்தாள். தாம்பாளத்து அரிசிக்கு நேராகக் கையை நீட்டியவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"நேரமாவுது தாயே" என்றார் சின்னதுரை.

"என் கையால வேணாம் சாமி" என்றாள். "நான் தொட்டுட்டேன். தூங்கிக்கினு இருந்தப்ப காலுக்கு எண்ணெ தடவிட்டேன். அன்னியிலேர்ந்து இந்தக் கையில அரிப்பு. சாமி என்னப் புடிச்சிக்கிச்சி. புள்ளய ஒண்ணும் பண்ணிடக் கூடாது."

சரணம் சொல்லிக்கொண்டிருந்த வாயெல்லாம் நின்றன. "அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு பரிகாரமாச்சும் பண்ணியிருக்கலாமே தாயே" என்று சின்னதுரை ஆரம்பித்தார். வேடியப்பன் அவரைக் கவனிக்கவில்லை. எழுந்து அவளிடம் வந்தான். முகம் வெளுத்திருந்தது. அடிக்கப் போகிறான் என்றுதான் பக்கத்தில் நின்றவர்கள் நினைத்தார்கள்.

"கையக் காட்டு" என்றான்.

காட்டினாள். நகம் கீறிய கோடுகள், நார் தேய்த்த காயங்கள். வேடியப்பன் குனிந்து பார்த்தான். ஒரு மாசமாக வறண்ட தோலோடு குடும்பம் நடத்தியவன் அவன். அதன் நிறம், செதில், வெடிப்பு எல்லாம் அவனுக்கு அத்துப்படி.

"இது என்னுது மாதிரி இல்லியே. பொரியல, வெடிக்கல. கீறுன எடம் தவுர தோலு மெத்துனு இருக்குது. வேற எங்க அரிக்குது?"

"பாதத்துல."

அவன் யோசிக்கவில்லை. போனை எடுத்து ஜூலியாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான். கையிலும் பாதத்திலும் அரிப்பு, தடவ என்ன மருந்து என்று கேட்டான். அந்தப் பக்கம் ஜூலியாவின் குரல் சட்டென்று மாறியது.

"தடிப்பு இருக்குதா?"

"இல்ல சிஸ்டர்."

"ராத்திரியில ஜாஸ்தியா? ஒண்ணுக்கு மஞ்சளாப் போவுதா?"

மலர்விழி இரண்டுக்கும் தலையாட்டினாள். ஆமாம் என்று வேடியப்பன் சொன்னான்.

"மொத கொழந்தைக்கும் இப்பிடி அரிச்சிச்சா?"

மலர்விழி மாமியாரைப் பார்த்தாள். இருசம்மாள்தான் சொன்னாள். "அப்பவும் அரிச்சிச்சும்மா. பனிக்கு அப்பிடித்தான் இருக்கும்னு நான்தான் வேப்பெண்ணெ தடவி வுட்டேன். ஒரு பத்து நாளு..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். தான் என்ன சொல்கிறோம் என்பது அவளுக்கே அப்போதுதான் புரிந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அது பனி இல்ல" என்றாள் ஜூலியா. "பித்தநீரு ரத்தத்துல கலந்தாலும் இப்பிடி அரிக்கும். தாயிக்கு வெறும் அரிப்புதான், கொழந்தைக்குத்தான் ஆவாது. ரத்தம் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். நாளைக்குன்னு தள்ளாதீங்க. இப்பவே கெளம்புங்க. கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் போன் பண்ணிச் சொல்லிடுறேன்."

வேடியப்பன் வேனைப் பார்த்தான். சின்னதுரை, "கட்டு பாதியில நிக்குது சாமி" என்றார், இந்தத் தடவை அதட்டாமல்.

"நிக்கட்டும்" என்றான் வேடியப்பன்.

சின்னதுரையைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை. அவர் மறுபேச்சுப் பேசவில்லை. டிரைவரைக் கூப்பிட்டு, மலர்விழியை முன்சீட்டில் ஏற்றிவிட்டு, மீதிக் கட்டை வந்து கட்டலாம் என்று வேடியப்பனோடு தானும் ஏறிக்கொண்டார். வளைவுகளில் வேன் இறங்கும்போது யாரும் சரணம் சொல்லவில்லை. மலர்விழி வயிற்றில் இரண்டு கையையும் வைத்து அசைவு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். அடிவாரத்தில் காச்சிராயபாளையம் தாண்டும்வரை ஒரே ஒரு தடவைதான் அசைந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டிலில் படுக்க வைத்து ரத்தம் எடுத்தார்கள். வயிற்றைச் சுற்றிப் பெல்ட் மாட்டி மெஷினைப் போட்டார்கள். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு டக்டக்கென்று பிள்ளையின் இதயம் கேட்டது. ரிசல்ட் வந்ததும் டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். ஜூலியா நினைத்ததுதான். மாத்திரை கொடுப்பார்கள். வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். தினமும் இதயத்தைக் கேட்பார்கள். நாள் முடியும்வரை காத்திருக்காமல் இரண்டு மூன்று வாரத்தில் பிள்ளையை எடுத்துவிடுவார்கள். இன்னும் பயம் விலகவில்லை, ஆனால் நேரத்தில் வந்திருக்கிறீர்கள் என்றார்.

வேன் அவனை விட்டுவிட்டு மீதிக் கட்டுக்காகக் கரியாலூருக்குத் திரும்பிப் போனது. சாயங்காலம் ஆட்களை உள்ளே விடும் நேரத்தில் வேடியப்பன் மாலையும் கறுப்பு வேட்டியுமாக வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றான். பெல்ட்டை மாட்டி மறுபடியும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சாமி காப்பாத்திட்டாரு மலரு" என்றான். கண் கலங்கியிருந்தது.

மலர்விழி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு வருசமா, நான் இன்னா பாவம் பண்ணேன்னு தேடிக்கினே இருந்தேன்" என்றாள். "சின்ன வயசுலேர்ந்து ஒண்ணொண்ணா நெனச்சி நெனச்சிப் பாத்தேன். பாவம்லாம் ஒண்ணும் இல்ல. கை அரிக்குதுன்னு அன்னிக்கே சிஸ்டர்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அவன் இன்னிக்கு நடந்துக்கினு இருப்பான்."

வேடியப்பன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவள் சத்தம் போட்டு அழுதாள். செத்த பிள்ளைக்காக அன்றைக்குக்கூட அவள் இப்படி அழுததில்லை. பக்கத்துக் கட்டில் பெண்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். நர்ஸ் வந்து, "அழுதா கொழந்தைக்கு நல்லதில்லம்மா, கேட்டாச்சு, கழட்டிடலாம்" என்று பெல்ட்டில் கை வைத்தாள்.

மலர்விழி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுவல சிஸ்டர். இன்னும் கொஞ்ச நேரம் அப்பிடியே வெச்சிருங்க."

அரித்துக்கொண்டிருந்த இன்னொரு கையைப் போர்வைக்கு மேலே திறந்து வைத்துக்கொண்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தாள்.