அரவேணுவில் ஓர் ஓபன் இன்ஸ்பெக்‌ஷன்

மெல்பனில் சனிக்கிழமையானால் முன்பின் தெரியாதவர்களின் வீட்டுக்குள் புகுந்து பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. விற்பனைக்கு வந்த வீட்டு வாசலில் ‘ஓபன் ஃபார் இன்ஸ்பெக்‌ஷன்’ என்று ஒரு கொடி நட்டிருந்தால் போதும், உள்ளே போகலாம். அலமாரியைத் திறக்கலாம், குழாயைத் திருகலாம். ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்க வேண்டிய வீட்டுக்காரர்களைத்தான் ஏஜென்ட் முன்கூட்டியே வெளியே அனுப்பியிருப்பாரே. குடும்பப் படம் இருக்காது, தலையணையில் தலை பதிந்த பள்ளம்கூட இருக்காது. மேசைமேல் ஒரு கிண்ணம் நிறைய எலுமிச்சை மட்டும். முதல் தடவை போனபோது, இவர்கள் ஏன் விற்கிறார்கள் என்று ஏஜென்டிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, சமையலறையில் எவ்வளவு வெளிச்சம் பார்த்தீர்களா என்றார். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. பதில் சொன்னாரா இல்லையா என்பது மட்டும் புரியவில்லை.

இந்தப் படிப்பையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டுதான் ஐப்பசி மழையில் கோத்தகிரிக்குப் பக்கத்திலிருக்கும் அரவேணுவில் வந்து இறங்கினேன். இதே மலையிலிருக்கும் வெலிங்டனில் ராணுவ அலுவலகமொன்றில் சிவிலியன் ஊழியராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா கட்டிய வீடு. அதை விற்றாக வேண்டும். அம்மாவுக்கு வீசிங். இன்னொரு மழைக்காலம் இங்கே தாங்காது, கீழே கோயமுத்தூருக்குப் போய்விடுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஏற்கெனவே வந்து பார்த்த இரண்டு பேர் திரும்பி வரவில்லை. நான் இருக்கிறேன், ஒரே வாரத்தில் முடித்துக் காட்டுகிறேன் என்றேன். அப்பா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அது நம்பிக்கையா, பயமா தெரியவில்லை.

சின்ன வயதில் இந்த மாதங்களில் எங்கள் துணி எதுவும் வெயிலில் காய்ந்ததில்லை. கரியடுப்பின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் என் யூனிஃபார்மை விரித்துப் போடுவார் அம்மா. புகை வாசத்தோடு பள்ளிக்கூடம் போவேன். வகுப்பு முழுக்க அதே வாசம்தான் என்பதால் யாருக்கும் அது வாசமாகவே தெரியாது. அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து துணியைத் திருப்பித் திருப்பிப் போட்ட அம்மா அப்போதே இருமிக்கொண்டுதான் இருந்தார். மெல்பனில் டிரையரைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கிற சூடான காற்றில் எந்த வாசமும் இல்லை. அது ஏன் எனக்குக் குறையாகப் படுகிறது என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

வேலையைத் தொடங்கினேன். கரியடுப்பு, கூடை, கம்பளிகள் எல்லாம் விறகுக் கொட்டகைக்குப் போயின. கல்யாணப் படம், சாமி படம் எல்லாவற்றையும் கழற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்தேன். கறுத்துப் போயிருந்த கிழக்குச் சுவருக்கு முந்தின நாள் வெள்ளை பெயின்ட் அடித்தேன். எலுமிச்சையும் வாங்கி வைத்தேன். காலையில் அப்பாவையும் அம்மாவையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினேன்.

“வர்றவங்களுக்கு டீ யாரு போடுவா?” என்றார் அம்மா.

“டீயெல்லாம் வேண்டாம்மா. ஏன் விக்கிறோம்னு கேட்டா யாரும் வாயத் தொறக்கக் கூடாது. அங்கெல்லாம் அப்படித்தான்.”

“என்ன எழவோ போ” என்று சொல்லிவிட்டு அம்மா குடையை விரித்தார்.

கோத்தகிரியில் மளிகைக்கடை வைத்திருக்கும் சண்முகமும் அவர் மனைவி சரசுவும் கொட்டுகிற மழையில் ஜீப்பில் வந்தார்கள். வேறு நாள் வரலாமே என்றதற்கு, மழையில்தானே வீட்டைப் பார்க்க வேண்டும் என்று போனிலேயே சொல்லியிருந்தார் சண்முகம்.

“ஏனுங்க அம்மிணி, ஊட்டுக்காரங்க யாரும் இல்லீங்களா?”

“வெளியே போயிருக்காங்க.”

“நாங்க வர்றது தெரியுமல்லங்க?”

“தெரியும். அதனாலதான் போயிருக்காங்க.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சரசு காலியான சாமி மாடத்தில் ஆணி அடித்த ஓட்டைகளைப் பார்த்தார். பிறகு கிழக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். கை வெள்ளையாக வந்தது.

“பெயின்டு எப்ப அடிச்சீங்க?”

“நேத்து.”

“சாமியவே எறக்கியாச்சு…” என்று கணவரிடம் திரும்பினார். “கோர்ட்டு கேசு ஏதாச்சும் இருக்குமுங்க. இல்லாட்டி ஊட்ல துர்ச்சாவு. நமக்கெதுக்கு, வாங்க போலாம்.”

கேஸ் இல்லை என்று சொன்னால் காரணம் கேட்பார்கள். காரணம் சொன்னால் ஈர வீடு என்று தெரிந்துவிடும். சமையலறை வெளிச்சத்தைப் பற்றி என் வாய் தானாகப் பேசத் தொடங்கியது. மழை இருட்டில் வெளிச்சமே இல்லை.

அப்போதுதான் அம்மா உள்ளே வந்தார், பின்னால் அப்பா. “நம்ம ஊட்டுக்கு வந்தவங்கள விட்டுட்டு அடுத்த ஊட்ல எப்பிடிடி உக்கார்றது?” என்று அடுப்படிக்கு நடந்தவர், பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டார். பெயின்ட் நெடி. மூச்சு விசிலடித்தது. நான் இன்ஹேலரைத் தேடினேன். இருந்த இடத்திலிருந்து எல்லாவற்றையும் எடுத்து வைத்தது நான்தான், எங்கே வைத்தேன் என்று நினைவு வரவில்லை. சரசு அம்மாவைத் தாங்கிப் பிடித்து வாசல்படியில் உட்காரவைத்து முதுகை நீவினார். அப்பா தன் சட்டைப்பையிலிருந்து இன்னொரு இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தார்.

மூச்சு திரும்பியதும், “இதுக்குத்தானுங்க விக்கறோம்” என்றார் அம்மா. “கெழக்கால செவரு மழைக்கு ஊறுமுங்க. எனக்கு ஆகறதில்ல.”

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

“அட, இவ்வளவுதானா?” சரசு சிரித்தேவிட்டார். “எங்க ஊட்டுச் செவரு மட்டும் காஞ்சா கெடக்குது?”

“வெளிப்பக்கம் தகரம் அடிச்சுக்கலாமுங்க” என்றார் சண்முகம். “அம்மிணி, அந்தப் பெயின்டக் கொஞ்சம் சொரண்டி விடுங்க, செவரு எப்பிடி இருக்குதுன்னு பாக்கோணும்.” நான் கரண்டியால் சுரண்டினேன். கறுப்பு வந்ததும் அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. என்ன மனிதர்கள் இவர்கள்!

டீ குடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை பெரியவர்களோடு வந்து பேசி முடித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். பால் காய்ச்சும் வரை மாடத்தில் விளக்கு அணையாமல் இருக்கட்டும் என்று சரசு கேட்டுக்கொண்டார். அம்மா அவர் கையை விடவே இல்லை.

அவர்கள் கிளம்பியபோது நானும் ஷூவை மாட்டிக்கொண்டு கூடவே படியிறங்கினேன். வீட்டைப் பார்த்து முடித்தால் வெளியேற வேண்டும் என்று கால்களுக்கு எப்படியோ பழகியிருந்தது. ஜீப் வரை போன பிறகுதான் நின்றேன்.

“ஏறிக்குங்க அம்மிணி” என்று கதவைத் திறந்து பிடித்தார் சரசு. “எங்க எறக்கி விடறதுங்க?”

மேலே வாசலிலிருந்து, “மழைல எங்க போறே பாப்பா?” என்று அம்மா கூப்பிட்டார்.

ஜீப் கதவில் ஒரு கையை வைத்தபடி, யாருக்கு முதலில் பதில் சொல்வது என்று தெரியாமல் நனைந்துகொண்டு நின்றேன்.