தண்ணி போட்டாச்சா?

அந்தப் பேருந்து கம்பெனியில் அவளுக்குப் 'பாட்டில் அக்கா' என்று பெயர். பாட்டில் விற்பவள் என்று நினைத்துவிடாதீர்கள். பாட்டிலோடு ஜென்மப் பகை உள்ளவள். தொலைதூர வண்டியில் டிக்கெட் பார்ப்பதும் பயணிகளைக் கவனிப்பதும் அவள் வேலை. ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாட்டில் கொடுப்பார்கள். இறங்கும்போது பாதி குடித்த பாட்டில்கள் சீட்டுக்கடியில் உருளும். குனிந்து குனிந்து பொறுக்கியே அவள் இடுப்பு ஒடிந்தது. பொறுக்கியதெல்லாம் ஷெட்டுக்குப் பின்னால் மலையாகக் குவிந்தது.

முதலாளியை நச்சரித்து நச்சரித்து அவள் ஒரு குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் வாங்க வைத்தாள். பயணிகள் சொந்த பாட்டிலில் பிடித்துக்கொள்ளட்டும், இல்லாதவர்களுக்கு டம்ளர். "சரி, பாக்கலாம். ஒரே ஒரு தடவை வண்டியில தண்ணி இல்லைன்னு வரட்டும், அன்னைக்கே பாட்டில் திரும்பி வந்துடும்" என்றார் முதலாளி. அதிலிருந்து அந்த டிரம் அவளுக்குப் பிள்ளை மாதிரி.

ஷெட்டிலிருந்து வண்டி எடுக்கும்போது டிரம்மில் தண்ணி போடுவது டிரைவர் அண்ணன் பொறுப்பு. நல்ல மனுஷன். ஒரு காலத்தில் குடித்தவர். அவர் குடியை விட்டு வருஷக்கணக்காகிறது. ஊர்தான் அவரை விட்டபாடில்லை.

அன்று டயர் மாற்றி வண்டி தாமதமாக வந்தது. வாசலில் கூட்டம் நெருக்கியது. டிக்கெட்டும் கையுமாக அவள் கீழிருந்தே கத்தினாள்: "அண்ணே, தண்ணி போட்டாச்சா?"

வண்டிக்குள் ஜன்னலோரம் ஒரு ஆள் களுக்கென்று சிரித்தார். டிரைவர் முகம் கறுத்தது.

"போட்டாச்சு, போட்டாச்சு! ஒரு டிரம் முழுக்க!"

அவள் கதவைத் தட்டி "ரைட்" என்றாள்.

வெயில் ஏறியது. ஒரு சின்னப் பெண் பாட்டிலை நீட்ட, அவள் குழாயைத் திருகினாள். காற்றுதான் வந்தது. டிரம்மைத் தட்டினாள். வெண்கலக் கடை மாதிரி சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. முதலாளி.

"டிரைவர் தண்ணி போட்டிருக்கானாமே? ஒரு பாசஞ்சர் போன் பண்றாரு. வண்டியை ஓரங்கட்டச் சொல்லு. வேற ஆளை அனுப்புறேன். அவன் அப்படியே வீட்டுக்குப் போகட்டும், இனிமே வரவே வேண்டாம்."

"ஐயோ, அவர் குடிக்கலைங்க."

"அவன் வாயாலயே ஒத்துக்கிட்டானாம். அப்ப எதைப் போட்டேன்னு சொன்னான்?"

கண்ணாடி வழியே டிரைவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் ஒன்றுதான். அதைச் சொன்னால் டிரம் போச்சு. சொல்லாவிட்டால் அந்த மனுஷனின் பிழைப்பு போச்சு.

"நான் கேட்டது டிரம்முக்குங்க. அவரு கோவத்துல நக்கலாச் சொல்லிட்டாரு. டிரம் காலி. வண்டியில ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது."

"அடுத்த ஸ்டாப்புல பாட்டில் பெட்டி ஏத்தச் சொல்றேன். இனிமே அந்த டிரம் பேச்சே எடுக்காத."

"அண்ணன்?"

"ஓட்டட்டும்."

அவளுக்கு அழுகை முட்டியது. அதைக் கோபமாக்கி டிரைவரிடம் போய்க் கொட்டினாள்.

"கேட்ட கேள்விக்கு ஒழுங்கா பதில் சொல்லக்கூடாதாண்ணே?"

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஊர்ல எவன் வேணாலும் கேப்பான்மா, பழகிப்போச்சு. நீயும் கேட்டுட்டியேன்னு நெனச்சேன். அந்தக் கொதிப்புல டிரம் ஞாபகமே வரலை."

அடுத்த நிறுத்தத்தில் பெட்டிகள் ஏறின. அவளே பிரித்து, வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போனாள். காலையில் ஜன்னலோரம் சிரித்த ஆள் அவள் முகத்தைப் பார்க்காமல் இரண்டாகக் கேட்டு வாங்கினார். கடைசியாக ஒரு பாட்டிலைத் திறந்து டிரைவரிடம் நீட்டினாள்.

"வேணாம்மா. எனக்குத் தாகமில்லை."

அவர் உதடு வறண்டு வெடித்திருந்தது.