எழும்பூர்ச் சத்திரத்தில் மூன்றாம் நாள்

காலை ஏழு மணி நாற்பது நிமிடம். சத்திரத்து முன்கூடத்தில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்து என் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் நேரத்தை நிச்சயமாகச் சொல்ல முடியும். என் மகள் கூஜாவைக் கையில் எடுத்துக்கொண்டு வாசற்படியில் நின்று, "போயிட்டு வாரேம்ப்பா" என்றாள்.

வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே போகிறாய் என்று எங்கள் பக்கத்தில் கேட்பதில்லை. கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்பார்கள். நான் படித்தவன், திண்டுக்கல்லில் சர்க்கார் குமாஸ்தா. இதையெல்லாம் நம்புகிறவன் என்று என்னை நினைத்துக்கொண்டதே இல்லை. ஆனால் நாக்கு பழகிய வழியில்தான் போனது.

"செத்த நேரத்துல வந்துருவியா?" என்று மட்டும் கேட்டேன்.

"வந்துருவேன். அம்மாவைப் பாத்துக்கிருங்க."

கூஜாவைப் பார்த்ததும் பக்கத்து ஓட்டலுக்குக் காப்பி வாங்கப் போகிறாள் என்று நானாக எடுத்துக்கொண்டேன். அவளுக்கு அப்போது பதினாறு வயது. திண்டுக்கல்லைத் தாண்டி அவள் தனியாகப் போனதே கிடையாது.

எஸ்.எஸ்.எல்.சி. தேறினால் பட்டணம் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அவள் நல்ல மார்க்கு வாங்கித் தேறியும் விட்டாள். என் சம்பளத்தில் பட்டணம் பார்ப்பதற்கு ஒரே வழிதான் இருந்தது. எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத்தில் ஒரு சத்திரம் உண்டு. மூன்று நாள் வாடகையில்லாமல் தங்கலாம், மூன்றாம் நாள் சாயங்காலம் காலி செய்துவிட வேண்டும் என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார். திண்டுக்கல் பக்கத்தில் எங்கள் ஊரான அகரத்திலிருந்து கிளம்பும்போது இரண்டு பெரிய தூக்குச்சட்டியில் புளிச்சோறு கட்டிக்கொண்டோம். ஒரு படி அவல், வெல்லம், ஊறுகாய். பட்டணத்தில் ஒரே ஒரு வேளை ஓட்டல் சாப்பாடு, அதுவும் ஊர் திரும்புகிற நாளில் என்பது என் ஏற்பாடு.

முதல் நாள் நடந்தே செத்த காலேஜுக்குப் போனோம். மியூசியத்துக்கு அப்போது அப்படித்தான் பேர். திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டுக்குக் கீழே என் மகள் நெடுநேரம் நின்றாள். அங்கிருந்து கடற்கரைக்கும் நடைதான். என் மனைவி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "பட்டணத்தைப் பாக்க வந்தமா, அளக்க வந்தமா?" என்று கேட்டாள். மகள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் சுண்டல் விற்றவரும் சிரித்துவிட்டார். இரண்டாம் நாள் மட்டும் கொஞ்சம் தாராளமாகப் பஸ் ஏறினோம். உயிர்க் காலேஜில் புலி பார்த்தோம். ஹைகோர்ட்டு மேல் இருந்த கலங்கரை விளக்கத்தில் ஏறி, துறைமுகத்தில் நின்ற கப்பல்களை மகள் ஒன்று விடாமல் எண்ணினாள்.

அன்று சாயங்காலம் தூக்குச்சட்டியைத் திறந்தபோது அவள் முகர்ந்து பார்த்தாள். "அப்பா, ஒரு மாதிரி வாடை அடிக்குது."

"நல்லெண்ணெய் வாடைம்மா. புளிச்சோறு மூணு நாளு தாங்கும்."

என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "நீங்க ரெண்டு பேரும் அவலைத் தின்னுங்க. இதை நான் பாத்துக்கிறேன்" என்று சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கொட்டுவதற்கு அவளுக்கும் மனம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. விடியுமுன்பே அவளுக்கு வாந்தியும் பேதியும் தொடங்கிவிட்டன. இங்கே வைத்தியர் யாரும் இல்லையா என்று மகள் இரண்டு தடவை கேட்டாள். சோடாவில் உப்புப் போட்டுக் குடித்தால் நின்றுவிடும் என்றேன். வாசற்படியில் அவள் கூஜாவோடு வந்து நின்றது அதற்குப் பிறகுதான்.

எட்டரைக்கு ஓட்டலுக்கு ஓடினேன். கல்லாவில் இருந்தவர், "கூஜாவோட காலையிலேருந்து அம்பது பேரு வந்தாங்க, இதுல ஒங்க பொண்ணு யாருன்னு நான் கண்டேனா?" என்றார். அடுத்த தெருவில் இரண்டு காப்பிக் கடைகள். அங்கேயும் இல்லை. திரும்பி வந்தால் என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு குழாயடிக்கு நகர்ந்துகொண்டிருந்தாள்.

"புள்ள எங்கங்க?"

"கடையில கூட்டம். வந்துருவா."

ஒன்பதரைக்கு மறுபடி கேட்டாள். அப்போதும் கூட்டம் என்றேன். பத்தரைக்குக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க போய்த் தேடுங்க. நான் ஒண்ணும் செத்துற மாட்டேன்" என்றாள். அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு மூச்சு போதவில்லை.

தெருமுனை வரை போனேன். அங்கே நான்கு சாலைகள் பிரிந்தன. பஸ்கள், ரிக்‌ஷாக்கள், ஓயாத ஜனம். எந்தச் சாலையில் இறங்குவது? ஒன்றில் இறங்கினால் அவள் மற்ற மூன்றில் இருப்பாள். தேடிக்கொண்டே தொலைவுக்குப் போய்விட்டால், சத்திரத்தில் ஒருத்தி மயங்கிக் கிடப்பாள். முனையில் நின்று நான்கு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அன்று எத்தனை தடவை அந்த முனைக்குப் போய்த் திரும்பினேன் என்று தெரியாது.

பன்னிரண்டு மணிக்குச் சத்திரத்து மேனேஜர் வந்தார். பட்டணத்துக்காரர். நாலு மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்ல வந்தவர், விஷயத்தைக் கேட்டதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், பெத்த பொண்ணு எங்க போச்சுன்னு தெரியாதா உனுக்கு?"

"கேக்கலிங்க."

"கேக்காம?"

"வாசல்ல எறங்கையில கேக்கக்கூடாதுங்க, எங்க பக்கம்."

"நல்லா கீதே கதை! சோறு துன்னும்போதாவது பேசிக்குவீங்களா?" என்றவர், என் மனைவி கிடந்த கிடையைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போலீசாண்ட எழுதிக் குடு சார். நம்ம ஆளு ஒர்த்தனை அனுப்பி வைக்கிறேன்."

எழுதச் சொன்னதும் எனக்கு ஒரு தெம்பு வந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதானே. காகிதத்தைத் தகரப் பெட்டி மேல் வைத்து, மனுவுக்கு உரிய முறைப்படி மார்ஜின் மடித்து, பெயர், ஊர், வயது, அடையாளம் எல்லாம் எழுதினேன். நீலப் பாவாடை, வெள்ளைத் தாவணி, இடது கன்னத்தில் மச்சம். 'மேற்படி பெண் இன்று காலை 7-40 மணிக்கு' என்று எழுதி, அடுத்து 'இன்ன இடத்துக்குச் செல்வதாக' என்று வரவேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. பத்தொன்பது வருஷம் ஊரார் மனுக்களில் விட்டுப்போனதையெல்லாம் சுழித்துத் திருப்பி அனுப்பியவன் நான். அந்த இடத்தை வெற்றாக விட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். மேனேஜரின் ஆள் அதை வாங்கிக்கொண்டு போனார். போனவர் திரும்பவில்லை.

ஒரு மணி. இரண்டு மணி. மனைவியின் வாயில் ஒவ்வொரு கரண்டியாகத் தண்ணீர் விட்டேன். அது தங்கவில்லை. அவள் கண்ணை மூடியபடி கையை மட்டும் என் பக்கம் நீட்டி, "அவளையும் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போயிருவம்ல?" என்றாள். நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டேன். காலையிலிருந்து நான் எதையுமே செய்யவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முனைக்குப் போய் வந்ததும் மனு எழுதியதும் சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பதிலாகச் செய்தவை, அவ்வளவுதான்.

இரண்டே முக்காலுக்கு ஒரு ஜட்கா வண்டி வாசலில் வந்து நின்றது. முதலில் இறங்கியது என் மகள். கூஜாவை மார்போடு அணைத்துக்கொண்டு, திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்து நின்றாள். அவள் பின்னால் புர்கா அணிந்த ஒரு அம்மாள், என் வயது இருக்கும், முகத்திரையை மேலே தள்ளிக்கொண்டு இறங்கி நேரே கூடத்துக்குள் வந்தார். வாயைத் திறந்ததும் எங்கள் ஊர்ப் பேச்சு.

"நீங்கதான் அப்பாவா? அண்ணே, நமக்கும் திண்டுக்கல்லுதான், பேகம்பூர். எங்க வீட்டுக்காரரு பெரியமேட்டுல தோல் மண்டி வச்சிருக்காரு. ஒங்க பொண்ணு வாசல்ல வந்து நின்னு, 'இங்க எங்க ஊரு தோல் ஊறப்போடுற வாடை வருது'ங்குது. தோல் நாத்தத்துக்கு மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுறவங்களத்தான் இத்தனை வருசமாப் பாத்திருக்கேன். அதைத் தேடி வந்தது இவ ஒருத்திதான்!"

"எங்க போனா?" என்றேன்.

"ஆஸ்பத்திரிக்கு. அம்மாவுக்கு மருந்து வாங்க" என்றார்.

எங்கள் ஊர் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு நோயாளி போக வேண்டியதில்லை. வீட்டிலிருந்து யாராவது பாட்டிலைக் கொண்டுபோய் நோவைச் சொன்னால் போதும், கம்பவுண்டர் கலக்கு மருந்தை ஊற்றித் தந்துவிடுவார். எங்களிடம் பாட்டில் இல்லை. முந்தின நாள் பஸ்ஸில் போகையில் பார்த்து வைத்த பெரிய ஆஸ்பத்திரிக்கு, கூஜாவைத் தூக்கிக்கொண்டு அவள் நடந்தே போயிருக்கிறாள். மூன்று மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு, நோயாளியை அழைத்து வா என்று சொல்லிவிட்டார்கள். திரும்புகையில் வழி தப்பிவிட்டது.

அந்த அம்மாள் அதற்குள் என் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து நாடி பிடித்துப் பார்த்தார். "ஒடம்பு சில்லுன்னு கெடக்கு. எந்திரிங்கண்ணே, வண்டி நிக்குது. எங்க தெரு டாக்டரம்மாகிட்டச் சொல்லிட்டுத்தான் வந்திருக்கேன். தாயி, நீ அந்தப் பக்கம் அம்மாவத் தாங்கிப் பிடி."

நானும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். வாசலுக்கு வரும்போது அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"புள்ளைய வையாதீங்க, சொல்லிப்புட்டேன்" என்றார். "எழும்பூர்ல அஞ்சு சத்திரம் ஏறி எறங்கியாச்சு. 'எந்தச் சத்திரம்டீ, பேரைச் சொல்லு'ன்னா, 'எங்கப்பா இருக்காகள்ல, அந்தச் சத்திரம்'ங்குது. மெட்ராசுல எந்தச் சத்திரத்துலண்ணே அப்பன் இல்ல?"