பாயில் கட்டிய சரடு

எங்கள் பாய்ப்படகில் நூல்கள் என் இலாகா. சுக்கான் என் கணவருடையது. முன்பாயும் அதன் கயிறும் அதில் ஒட்டியிருக்கும் நூல்களும் என்னுடையவை. வேளிக் காயலில் பத்து வருஷமாக இதுதான் ஏற்பாடு. வலியசாலை வீட்டில் இல்லாத ஒழுங்கு எங்களுக்குப் படகில் உண்டு.

நூல் என்றால் பெரிய விஷயமில்லை. முன்பாயின் இரு பக்கமும் ஒரு சாண் நீளத்துக்குக் கம்பளி நூல் தொங்கும். காற்று பாயைச் சரியாகத் தழுவிப் போனால் இரண்டும் பின்னோக்கி நேராக ஓடும். உள்நூல் துள்ளினால் கயிற்றை இறுக்க வேண்டும், வெளிநூல் துள்ளினால் தளர்த்த வேண்டும். துணி மெல்லியது, வெளிநூலின் நிழல் இந்தப் பக்கமிருந்தே தெரியும். ஆனால் நூல் தையலில் மாட்டினாலோ நனைந்து துணியில் ஒட்டினாலோ போச்சு, பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். அதனால் சனிக்கிழமைதோறும் சிக்கெடுத்து, பிசிறைக் கத்தரித்து, தையலை விட்டு நாலு விரற்கடை தள்ளி ஒட்டுவேன். குழந்தைக்குத் தலை வாரிவிடுகிறேன் என்று அவர் கிண்டல் செய்வார்.

இவ்வளவு தெரிந்த நான்தான் அந்த ஐப்பசியில் கம்பளியைப் பிடுங்கிவிட்டுப் பருத்திச் சரடு கட்டினேன்.

காரணம் பயம். ஆறு மாதம் முன்பு அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். இனிப் படகில் போகலாம் என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழவங்காடிக்குப் போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். சிவப்புச் சரடு வாங்கிப் பூஜையில் வைத்து எடுத்து வந்தேன். அவர் கையில் கட்டினால் ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். பாயில் கட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது? அவர் வருவதற்குள் இரண்டு பக்கமும் ஒட்டிவிட்டேன்.

முந்தின நாள்தான் பொழி வெட்டியிருந்தார்கள். காயலுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் மணல்திட்டை மழைக்காலத்தில் அறுத்துவிடுவார்கள். நிறைந்த தண்ணீரெல்லாம் அந்த வாய் வழியாகக் கடலுக்கு ஓடும். அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று பேசிக்கொண்டுதான் கிளம்பினோம்.

மத்தியானத்துக்கு மேல் வர வேண்டிய மழை பதினோரு மணிக்கே வந்துவிட்டது. கிழக்கே மலைப்பக்கமிருந்து காற்று ஒரே தள்ளாகத் தள்ளியது. பொழியை நோக்கிப் பாதித் தூரம் போன பிறகுதான் படகு எங்கள் வசப்பட்டது. இனிக் காற்றை எதிர்த்துக் குறுக்கும் நெடுக்குமாக ஏறித்தான் கரை சேர வேண்டும்.

"ஏன்னா, சரியாப் பிடிங்கோ! படகு போகவே இல்லையே!"

"நூல் ரெண்டும் நேரா ஓடறதே, பாரு. நான் என்ன பண்ணட்டும்?"

பார்த்தேன். இரண்டும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக இருந்தன. ஆனால் படகு முன்னே போகாமல் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டிருந்தது. அலை உடைகிற சத்தம் முதுகுக்குப் பின்னால் நெருங்கியது. நான் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தேன். கவனமில்லை, ஆறு மாதத்தில் எல்லாம் மறந்தாச்சு, வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் உதடு வெளுத்திருந்தது. இடது கையை அடிக்கடி உதறினார். இங்கே இவருக்கு ஏதாவது ஆனால் என்று நினைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை காற்றில் எந்த நூலும் இப்படி அசையாமல் இருக்காது.

பாயை உள்ளேயிருந்து விரலால் சுண்டினேன். வெளிச்சரடு துணியை விட்டுக் கழன்று, சட்டென்று மேலே எழும்பிச் சுழன்றது. ஒரே நொடிதான். மறுபடி ஈரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அந்த ஒரு நொடி போதும். பாயை நான்தான் இழுத்து இறுக்கிப் படகின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தேன்.

கயிற்றை ஒரு முழம் விட்டேன். படகு ஒரு உலுக்கு உலுக்கி முன்னே பாய்ந்தது.

"ஆங், இப்ப போறது! நீ விடாமச் சுண்டு, கேட்டயா?"

சுண்டினேன். பார்த்தேன். கயிற்றை விட்டேன், இழுத்தேன். திரும்பும்போதெல்லாம் பக்கம் மாறி உட்கார்ந்து மறுபடி சுண்டினேன். நகக்கண்ணில் ரத்தம் வந்துவிட்டது. அலைச்சத்தம் மெல்லமெல்லத் தூரப் போயிற்று. படகின் அடி சேற்றில் தட்டியதும் நான் முதலில் பார்த்தது அவர் முகத்தைத்தான். கையை ஏன் உதறினீர்கள் என்று கேட்டேன். மரத்துப் போயிற்று, சுக்கானைப் பிடித்த பிடி அப்படி என்றார்.

பாயிலிருந்து சரட்டைப் பிய்த்தேன். "நான்தான் கட்டினேன். கம்பளியை எடுத்துட்டு" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"தெரியும். காலம்பறயே பாத்தேன்."

"பஞ்சு நனைஞ்சா ஒட்டும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். மழைக்கு முன்னாடித் திரும்பிடலாம்னு நெனச்சேன், அந்தக் காத்துல மறந்தே போச்சு. எனக்காக நீ கட்டியிருக்கேன்னும் தெரியும். அதை எப்படிடீ அவுப்பேன்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நனைந்த லைஃப் ஜாக்கெட்டால் அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தேன். "ரெண்டு பேருமாப் போயிருப்போம்! உங்களுக்கு வாயில்லையா?" என்று கத்தினேன். கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

அவர் சட்டைக்கையை மடித்து வலது மணிக்கட்டை என் முன்னால் நீட்டினார்.

"இங்கே கட்டு. பாய்ல கம்பளியே இருக்கட்டும்."

நகக்கண் எரிந்ததில் மூன்றாவது தடவைதான் முடிச்சு விழுந்தது.