நைனா ரேகை வைத்த பத்திரம்

அம்மாவின் முதல் கணவர் கிணறு வெட்டும்போது மண் சரிந்து செத்துப்போனார். அப்போது நான் அம்மா வயிற்றில் நான்கு மாதம். எங்கள் ஜனத்தில் அப்படிப்பட்ட பெண்ணைத் தனியாக விடமாட்டார்கள். கருமாதி முடிந்ததும் உறவில் ஒருவர் புடவை கொடுத்து, கோயிலில் தாலி கட்டி அழைத்துக்கொள்வார். அப்படி அழைத்துக்கொண்டவர்தான் நைனா. அடுத்த நாலரை மாதத்தில் நான் பிறந்தேன்.

நைனா செய்யூர்ப் பக்கத்துத் தோப்புகளில் சவுக்கு வெட்டுகிறவர். பள்ளியில் சேர்க்கும்போது அப்பா பெயர் கேட்டதற்குத் தயங்காமல் தன் பெயரைச் சொன்னாராம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டீக்கடையில் யாரைப் பார்த்தாலும், "என் புள்ள. இங்கிலீஷ் பேப்பரே படிப்பான்" என்பார். அது பொய். எனக்குத் தமிழ்ப் பேப்பர்தான் ஓடும்.

பத்தாம் வகுப்பில் சான்றிதழுக்காகப் பெயர் சரிபார்த்த வாரம் ஒருவன் கேட்டான்: "இன்னா மச்சான், உங்கம்மாவுக்குக் கண்ணாலம் ஆயி நாலு மாசத்துல வந்துட்டியாமே. எக்ஸ்பிரஸ் பஸ்ஸா?"

வகுப்பே சிரித்தது. செத்தவர் பெயரைச் சான்றிதழில் போட்டுவிட்டால் அம்மாவைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. பெயர் மாற்ற நைனாவிடமிருந்து பத்திரம் வேண்டும் என்றார்கள் பள்ளியில்.

"வேணாண்டா, அந்த மனுசன் மனசு நோவும்" என்றாள் அம்மா.

"உனக்காகத்தான்மா. உண்மையத்தானே எயுதப் போறோம்?" என்றேன்.

செங்கல்பட்டுக் கோர்ட் வாசலில் டைப் அடிக்கிறவர், அடித்து முடித்ததைப் படித்துக் காட்டினார். 'மேற்படி சிறுவன் எனக்குப் பிறந்தவன் அல்ல' என்ற வரி வந்ததும் நைனா என்னைப் பார்த்தார்.

"இப்டித்தான் எயுதணுமா?"

"ஆமா நைனா. ரூலு அப்டி."

"இஷ்டமில்லன்னா வெக்காத, பெரியவரே" என்றார் டைப் அடிக்கிறவர்.

"படிச்ச புள்ள சொல்லுது, நமக்கு இன்னா தெரியும்" என்று நைனா கட்டைவிரலை மையில் அழுத்தினார். ரேகை வைத்துவிட்டு, விரலைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு டீக்கடையில் யாராவது விசாரித்தால், "வூட்டுக்காரி புள்ள" என்றே சொன்னார். முதல் தடவை வாய் தவறி வந்தது என்று நினைத்தேன். அடுத்த தடவையும் அதுதான். சோறு போட்டார், பஸ்ஸுக்குக் காசு கொடுத்தார், எனக்குக் காய்ச்சல் என்றால் வேலைக்குப் போகமாட்டார். 'என் புள்ள' என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்வதில்லை. கோபம் என்று நினைத்து நானும் கேட்காமல் இருந்துவிட்டேன்.

ஏழெட்டு வருடம் கழித்துச் சட்டம் படிக்கப் போனேன். ஒரு நாள் வகுப்பில், பிள்ளைக்குத் தகப்பன் யார் என்று சொல்லும் பிரிவு வந்தது. கல்யாணம் நடப்பில் இருக்கும்போது பிறந்த பிள்ளை அந்தக் கணவனுடைய பிள்ளைதான். தாய்க்கு அது மறுமணமாக இருந்தாலும் அப்படித்தான். எத்தனை மாதத்தில் பிறந்தது என்று சட்டம் விரல் விட்டு எண்ணுவதில்லை. கணவன் ஒரு தாளில் ரேகை வைத்து அதை மாற்றிவிடவும் முடியாது. அன்று மதியமே பஸ் ஏறினேன்.

நைனா வாசலில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார்.

"நைனா, சட்டப்படி நான் உன் புள்ளதான். அந்தப் பத்திரம் செல்லாது."

தீட்டுவதை நிறுத்தினார். "செல்லாதா? ரேகை வெச்சிட்டு மாத்திப் பேசினா கேஸாயி உன் படிப்பு பூடுமேன்னு இத்தினி வருசம் வாய மூடிகினு கீறேன்."

அரிவாளைக் கீழே வைத்தார்.

"செல்லாதுன்னா அன்னிக்கு ஏண்டா இட்டுகினு போன?"

"தெரியாது நைனா."

சாயங்காலம் இருவரும் டீக்கடைக்குப் போனோம். தோப்பு குத்தகைக்கு எடுத்த புது ஆள், "பையன் யாரு, அண்ணாத்த?" என்று கேட்டார். நைனா என்னை ஒரு தரம் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"வூட்டுக்காரி புள்ள" என்றார். பிறகு என் பக்கம் குனிந்து, மெதுவாக, "இத்தினி வருசமா அப்டியே சொல்லிப் பயகிடுச்சிடா, வுடு" என்றார்.