ஸ்கிரீனில் பளிச்சென்று தெரிந்த காலி டேங்க்

போன மாதம் எங்கள் டீசல் டேங்க் காலியானது. அதிலென்ன விசேஷம் என்கிறீர்களா? அது காலியாவதை ஓசூரில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து நாலைந்து பேர் நேரலையில் பார்த்தார்கள்!

நான் மேனேஜராக இருப்பது வேப்பனப்பள்ளி பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில். எங்களுக்கு டீசல் சப்ளை செய்யும் கம்பெனி, டேங்குக்குள் ஒரு சென்சாரை வைத்துவிட்டுப் போனது. மட்டம் குறைந்தால் அவர்கள் ஸ்கிரீனில் தெரியும், லாரி தானாக வரும், நாங்கள் போன் பண்ணவே வேண்டாம்... முன்னேற்றம்!

அன்று காலை அடித்த காற்றில் கரண்ட் கம்பங்கள் சாய்ந்துவிட்டன. ஜெனரேட்டர் டீசலை மடக் மடக்கென்று குடிக்கிறது. வெளியே பழத்தோடு டிராக்டர் வரிசை. பயந்துபோய் டீசல் கம்பெனிக்கு போன் பண்ணினேன். எந்த லாரி எங்கே போக வேண்டும் என்று பார்க்கும் ஷபானா எடுத்தார்.

"உங்க டேங்க் இங்க நல்லா தெரியுதுங்க சார். மஞ்சளுக்கு வந்துடுச்சு."

"ரொம்ப சந்தோஷம்மா. லாரி எப்ப வரும்?"

"நாளைக்குத்தாங்க சார் சிஸ்டம் போட்ருக்கு. தினமும் நீங்க செலவு பண்றத வெச்சு அது கணக்கு போடுது. கரண்ட் போனது அதுக்குத் தெரியாதுங்களே."

"உங்களுக்குத் தெரியுமே!"

"தெரியுதுங்க. ஆனா ஒரு டேங்குக்காக அவ்ளோ தூரம் லாரிய அனுப்பினா, கிலோமீட்டருக்கு இவ்ளோ டீசல் எறக்கணும்ங்கிற நம்பர் அடிவாங்கும். எங்க மேனேஜர் கத்துவாருங்க."

மாம்பழம் அழுகினால் யாரும் கத்தமாட்டார்கள் போல.

மதியம் ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது. உடனே என் மொபைலில் மெசேஜ்: 'அன்பான வாடிக்கையாளரே, உங்கள் டேங்கில் டீசல் குறைவாக உள்ளது.' என்ன அக்கறை!

மறுபடி ஷபானாவுக்கு போன் போட்டேன். அவர் எடுத்த நேரம், டிராக்டர் வரிசையில் முதலில் நின்ற ரத்னம்மா என் அறைக்குள் வந்துவிட்டார்.

"ஏன் சார், மிஷின் நின்னுபோச்சாமே? மரத்துல வுட்டிருந்தாலாவது இன்னும் நாலு நாள் தாங்கியிருக்கும். பறிச்சிட்டு வந்துட்டனே... இத எங்க கொண்டுபோய்ப் போடறது?"

சென்சார் பிரமாதமாக வேலை செய்கிறது என்றா அவரிடம் சொல்வது? போனில் அவர் பேசியது எதிர்முனைக்கும் கேட்டுவிட்டது. "லைன்லயே இருங்க சார்" என்றார் ஷபானா. இன்னொரு போனில் அவர் லாரி டிரைவரிடம் பேசுவது கேட்டது.

"முனிராஜண்ணா, எங்க இருக்கீங்க? குருபரப்பள்ளியா? கிருஷ்ணகிரிக்குப் போக வேணாம், வேப்பனப்பள்ளிக்குத் திருப்புங்க... சிஸ்டம் கத்தட்டும்ணா. ஆபீஸ்ல நான் சொல்லிக்கறேன்."

லாரி வந்தது. ரூட் மாறிவிட்டதென்று கேபினில் ஒரு பெட்டி கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. "சும்னிரப்பா" என்று கன்னடத்தில் அதை அதட்டிவிட்டு முனிராஜ் ஹோஸை மாட்டினார்.

ஜெனரேட்டர் ஓடியது. மெஷினுக்குள் தேங்கி நின்ற கூழைக் கொட்டினோம். ரத்னம்மாவின் லோடில் அடிப்பழம் நசுங்கிப் புளித்திருந்தது. மீதியைத்தான் எடுக்க முடிந்தது. அவர் நசுங்கிய பழத்தோடு டிராக்டரில் ஏறிப்போனார். திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த வாரம் ஷபானாவிடம் விளக்கம் கேட்டார்கள். அதை அவரே எனக்குச் சொன்னார். மீட்டிங்கில் எங்கள் ஃபேக்டரியின் மார்க்கைத் திரையில் போட்டார்களாம் — சொன்ன தேதிக்குள் டெலிவரி, நூற்றுக்கு நூறு! மறுநாள் வரவேண்டிய லாரி முதல் நாளே வந்துவிட்டதல்லவா?

ஷபானா ஒன்றுதான் கேட்டிருக்கிறார். "கஸ்டமர் டேங்க் எவ்ளோ நேரம் காலியா கெடந்துச்சுன்னு சென்சார்ல அப்படியே இருக்கு சார். அதுக்கு ஏன் நம்மகிட்ட மார்க் இல்ல?"

இப்போது அவர்கள் ரிப்போர்ட்டில் முதல் வரியே அதுதான். டீசல் வழக்கத்தைவிட வேகமாக இறங்கினால், "கரண்ட் இல்லையா சார்?" என்று ஒரு மனிதக்குரல் விசாரிக்கிறது. லாரியும் நேரத்துக்கு வருகிறது. ரூட்டை மாற்றிய குற்றத்துக்காக ஷபானாவுக்குக் கொடுத்த மெமோவை மட்டும் யாரும் திரும்ப வாங்கவில்லை. ஒழுங்கு என்று ஒன்று வேண்டாமா?

ஆக, எல்லாம் சரியாகிவிட்டது. ரத்னம்மாவின் டிராக்டர் மட்டும் இப்போது வேறு ஃபேக்டரிக்குப் போகிறது... அதற்கு எந்த ஸ்கிரீனிலும் சிவப்பு விளக்கு எரியவில்லை!