குழாய்க்காரருக்காக எழுதிய கடிதம்

டென்மார்க்கில் ரண்டர்ஸ் நகருக்கு வெளியே உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். கட்டடத்தைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்கள் மிகப் பழையவை. எது எங்கே ஒழுகும், எங்கே அடைக்கும் என்று தெரிந்த ஒரே ஆள் பக்கத்துத் தெருவிலிருந்த உக்ரைன்காரர். போருக்கு முன்பே இங்கே வேலைக்கு வந்தவர். அவர் மனைவி எங்கள் சமையலறையில் வேலை செய்கிறாள். தை மாதக் குளிரில் ஓர் அறை குளிர்ந்துபோனால், கூப்பிட்ட அரைமணி நேரத்தில் வந்து நிற்பார். கட்டிலில் கிடப்பவருக்கு இன்னொரு போர்வை போர்த்திவிட்டுத்தான் குழாயில் கை வைப்பார்.

தகப்பனை அடக்கம் செய்ய ஊருக்குப் போனார். போகவேண்டாம் என்று மனைவி அழுதும் கேட்கவில்லை. திரும்பும்போது எல்லையில் மறித்து, படையில் பதியச் சொல்லிவிட்டார்கள்.

படையிலிருந்து அவருக்கு விலக்குக் கேட்டு இல்லத்திலிருந்து ஒரு கடிதம் அனுப்பலாம் என்றார் பொறுப்பாளர். மனைவி நேரே என்னிடம் வந்தாள்.

"நீ ஒரு போரிலிருந்து வந்தவள். இதை எப்படி எழுதுவது என்று உனக்குத் தெரியும்."

தெரியும்தான். இலங்கையில், பதினேழு வயதில், சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போன என் அண்ணனை விடச் சொல்லி எழுதியிருக்கிறேன். ஊரில் தண்ணீர் பம்ப் திருத்த அவரை விட்டால் ஆளில்லை என்று அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். வாங்கியவர் வாசிக்காமலே மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அண்ணன் வரவில்லை. இதை நான் அவளுக்குச் சொல்லவில்லை.

இரண்டு மாலை இருந்து டேனிஷில் எழுதினேன். என் கணவர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "எழுதும். எழுதாட்டி உமக்கு நித்திரை வராது. ஆனா விடுவினம் எண்டு மட்டும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிப்போடாதையும்."

இல்லத்திலிருந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். கை நடுங்கும் ஒருவர் இரண்டு கையாலும் பேனாவைப் பிடித்துப் போட்டார். ஒரு கிழவர் மட்டும் மறுத்துவிட்டார். அந்த நாட்டிலும் குழாய்கள் உடைகின்றன என்றார்.

கடிதத்தை மனைவி தங்கள் மொழியில் பெயர்த்து அனுப்பினாள். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த மேசையிலேயே வைத்து, ஒவ்வொரு வசனமாக எனக்கு டேனிஷில் சொன்னாள். மரியாதையான கடிதம். தங்கள் நாட்டுக்கு இன்றியமையாதவர்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு. வேறொரு நாட்டின் முதியோருக்குத் தேவைப்படுபவரை அதில் சேர்க்க முடியாது.

அதன்பிறகு அவர் படையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியை அழைப்பார். ஒருமுறை, கடைசி அறை சூடாகவில்லை என்று மனைவி சொல்ல, எந்தத் திருகியை எவ்வளவு திருப்பவேண்டும் என்று என்னிடம் பொறுமையாக விளக்கினார். பின்னால் யாரோ அவரைக் கூப்பிடுவது கேட்டது. பிறகு அழைப்புகள் நின்றன. காணாமல் போய்விட்டார் என்ற செய்தி சித்திரையில் வந்தது.

"காணாமல் போனவர் என்றால், எங்கேயாவது உயிரோடு இருக்கலாம்தானே?" என்று கேட்டாள்.

இருக்கலாம் என்றேன். என் குரலை நானே நம்பவில்லை. அவளும் நம்பவில்லை என்று நினைக்கிறேன். கையைத் துடைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள்.